பச்சை லாரிப் பாட்டு

டில்லர்ட் க்ரௌஸ் எழுதிய பாட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதில் ஒரு பெண் கணவன் இல்லாத நேரத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மாவு மூட்டை ஏற்றி வரும் பச்சை லாரியில் ஏறி ஓடிப்போகிறாள். கிழக்கு டென்னசியில் காசு போட்டால் பாடும் பெட்டி இருந்த கடைகளிலெல்லாம் அது பத்து வருஷம் ஓயவில்லை. என் பெயர் ஹாலிஸ். டில்லர்டின் குழுவில் பதினெட்டு வருஷம் பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவன். வீடும் பக்கத்து வீடுதான். அந்தப் பாட்டில் வரும் பெண் ஜெல்மா. டில்லர்டின் மனைவி. அவள் எங்கும் ஓடிப்போகவில்லை.

நடந்தது 1949 மார்ச்சில். அப்போது அவர்களுடைய மகள் கார்லீனுக்கு இரண்டு வயது. டில்லர்டும் நானும் ஒரு கல்யாண நடனத்துக்கு வாசிக்க நாக்ஸ்வில் போயிருந்தோம். வாசிப்பு முடிந்ததும் நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். அவன் வரவில்லை. யாரோ நண்பன் கிடைத்துவிட்டான், நண்பனிடம் விஸ்கி பாட்டில் இருந்தது. மூன்று நாள் அங்கேயே கிடந்தான்.

இரண்டாம் நாள் காலையில் குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு இழுக்கும்போது ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் வந்ததாக ஜெல்மா பிறகு சொன்னாள். நான் அன்று மரமில்லுக்கு வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் பள்ளத்தாக்கில் அப்போது டெலிபோன் கிடையாது. அவள் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு சேற்றுப் பாதையில் மூன்று மைல் நடந்து, ஸ்டோனி ஃபோர்க் முக்கிலிருக்கும் கடைக்கு வந்து சேர்ந்தாள். கடை வாசலில் ஒரு பச்சை லாரி நின்றது. ஓட்டிவந்தவர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். குழந்தையின் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்தார். மீதி மூட்டைகளை இறக்காமல் அப்படியே லாரியை எடுத்தார். ஆஸ்பத்திரி முப்பது மைல்.

அங்கே குழந்தையின் கழுத்தில் கீறி ஒரு குழாய் வைத்தார்கள். லாரிக்காரர் உடனே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. குழந்தை பிழைக்குமா என்று தெரியாமல் ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று அவரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஏழு மணி நேரம். டாக்டர் வெளியே வந்து பிள்ளை தப்பித்தது என்று சொன்ன பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். ஹோபர்ட் என்ற பெயரைத் தவிர ஜெல்மாவுக்கு அவரைப்பற்றி ஒன்றும் தெரியாது.

மறுநாள் மதியம் டில்லர்ட் வீடு திரும்பினான். அடுப்பு அணைந்து கிடந்தது. தொட்டில் காலி. கடைப்பக்கம் போய்வந்த ஒரு கிழவர், உன் பொண்டாட்டி பிள்ளையோடு மாவு லாரியில் ஏறிப் போனதைப் பார்த்தேன் என்றார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். மூன்று நாள் குடித்துவிட்டு வந்தவனுக்கு மனைவி போய்விட்டாள் என்று நம்புவதில் கஷ்டம் இருக்கவில்லை. போகத்தான் செய்வாள் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழுதான். அழுதபடியே அந்தப் பாட்டை எழுதினான்.

*அடுப்பில் சாம்பல் ஆறவில்லை,*
*தொட்டிலில் போர்வை மடிக்கவில்லை,*
*ஸ்டோனி ஃபோர்க்கில் பச்சை லாரி நின்றது,*
*என் வீட்டுச் சிரிப்பு ஏறிப் போனது.*

ஒரு வாரம் கழித்து ஜெல்மா தபால் வண்டியில் திரும்பி வந்தாள். குழந்தையின் கழுத்தில் கட்டு இருந்தது. கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான். குடியைக் குறைத்தான், பிறகு விட்டும் விட்டான். அந்தக் காகிதத்தை மட்டும் கிழித்துப் போடவில்லை. கிட்டார் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் சனிக்கிழமை மதிய ரேடியோ நிகழ்ச்சியில் எங்களுக்கு ஒரு பாட்டு குறைந்தது. டில்லர்ட் பெட்டியைத் திறந்து அதை எடுத்தான். எனக்கு முன்பின் தெரியாத பாட்டு. சுருதி என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டு கூடவே வாசித்தேன். பாடி முடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடிதங்கள் குவிந்தன. நாஷ்வில்லில் ஒரு பெரிய பாடகர் அதை வாங்கி இசைத்தட்டாகப் போட்டார். அப்புறம் டில்லர்டையே கூப்பிட்டு அவன் குரலிலும் ஒன்று போட்டார்கள்.

ரேடியோக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். இந்தப் பாட்டுக்குப் பின்னால் என்ன கதை, உங்கள் வாழ்க்கையில் நடந்ததா? டில்லர்ட் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நெஞ்சுல பட்டத எழுதினேன்" என்பான். கேட்கிறவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். நாளடைவில் மேடையில் அந்தப் பாட்டு வரும்போது தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொள்ளப் பழகினான். முன்வரிசைப் பெண்கள் அழுவார்கள். நான் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருப்பேன். இந்நேரம் ஜெல்மா பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டு, இவனுக்கு எடுத்து மூடி வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பாட்டு ஓடியதால் எனக்கும் வாசிக்க மேடை கிடைத்தது. அது என் பங்கு.

எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் உண்மை தெரியும். ஆனாலும் கேலி செய்யாமல் விடுவார்களா. மாவு வாங்கக் கடைக்குப் போனால், "என்ன ஜெல்மா, லாரி திருப்பிக் கொண்டாந்து விட்டுருச்சா? மாவு நல்லால்லன்னு திருப்பிட்டானா?" என்பார்கள். அவளுக்கும் வாய் சளைத்ததில்லை. "உன் பொண்டாட்டி ஏறுறதுக்கு இடம் பிடிச்சு வெச்சுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். வெளியூர் ஆட்கள்தான் வேறு மாதிரி. டில்லர்ட் க்ரௌஸின் மனைவி என்று தெரிந்ததும் அவர்கள் குரல் இறங்கிவிடும். அதனால் அவள் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வருவதேயில்லை. ஒருமுறை நான் கேட்டபோது, "பாட்டுல நான் ஓடிப்போனவ. எதுத்தாப்புல வந்து உக்காந்தா பாட்டு கெட்டுப்போகும்ல" என்றாள். விளையாட்டாகச் சொன்னாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

லாரிக்காரருக்கு அவள் நன்றி சொல்லியனுப்பப் பார்த்தாள். பாட்டு வந்த மறு வருஷக் கோடையில் ஒரு பாட்டில் பிளாக்பெரி ஜாம் கொண்டுபோய் ஸ்டோனி ஃபோர்க் கடையில் கொடுத்தாள். கடைக்காரர், இப்போது வேறு ஆள் வருகிறார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பாதையை மாற்றியிருப்பார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள்.

1960 செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ நிலையத்திலிருந்து வந்த கடிதக் கட்டை டில்லர்ட் மேஜையில் பிரித்துப் போட்டான். வழக்கமான ரசிகர் கடிதங்கள். ஒன்றில் மட்டும் திருமதி க்ரௌஸுக்கு என்று எழுதியிருந்தது. அதை ஜெல்மாவிடம் தள்ளினான்.

அவள் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னாள். டில்லர்டிடம் நீட்டவில்லை.

எழுதியவர் பெயர் லூரீன் யார்ப்ரோ. நான்கு மாவட்டம் தள்ளியிருக்கிற ஊர். கடிதம் இப்படிப் போனது: அந்தப் பச்சை லாரியை ஓட்டியவர் என் கணவர் ஹோபர்ட். நோயாளிக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாக அன்றே சொன்னார், நானும் நம்பினேன். மறு வருஷம் பாட்டு வந்தது. ஸ்டோனி ஃபோர்க் தடத்தில் யார் ஓட்டினார்கள் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஏழு மணி நேரம் அவர் லாரி எங்கே நின்றது என்றும் கேட்டார்கள். அவரைத் தடத்திலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். எங்கள் சர்ச் சபையில் பாடகர் குழுவில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் யாரிடமும் வாதாடவில்லை. போன வாரம் எங்கள் பையன் பள்ளிக்கூடத்தில் ஒருவனை மூக்கில் ரத்தம் வர அடித்துவிட்டு வந்தான். என்ன என்று விசாரித்தால், அந்தப் பாட்டைப் பாடிக்காட்டி லாரி ஹாரன்போல் சத்தம் போட்டார்களாம். ஆகையால் எழுதுகிறேன்.

கடைசி வரி இது. "அம்மா, நீங்களும் ஒரு பெண். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த லாரியிலிருந்து நீங்கள் எங்கே இறங்கினீர்கள்?"

நான் கடிதத்தை மடித்து வைத்தேன்.

டில்லர்ட்தான் முதலில் பேசினான். பதில் எழுதிப் போட்டுவிடலாம் என்றான். தன் கைப்பட எழுதி, ஒரு இசைத்தட்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்றான். இசைத்தட்டு என்ற வார்த்தை வாயை விட்டு வந்ததுமே அதன் லட்சணம் அவனுக்கே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெல்மா குரலை உயர்த்தவில்லை. "பத்து வருஷம் என்னை ஓடிப்போனவன்னு பாடின. நான் பேசல. என் வீடு, என் புருஷன், நான் தாங்கிக்குவேன். அந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணாரு? நீ நாக்ஸ்வில்ல விழுந்து கிடந்தப்ப உன் பிள்ளைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அதானே பண்ணாரு?"

கடிதத்தை எடுத்து உறைக்குள் போட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை போறோம். ஹாலிஸ், உன் கார்தான் ஒழுங்கா ஓடும். நீ வரணும்" என்றாள்.

சனிக்கிழமை எங்களுக்கு ஒரு கண்காட்சியில் நிகழ்ச்சி இருந்தது. வர முடியாது என்று தந்தி கொடுத்தோம். காரில் பின்சீட்டில் ஜெல்மாவும் கார்லீனும். கார்லீனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஜெல்மா அவளுக்குக் கழுத்து இறங்கிய சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் காலர் வைத்த சட்டை போடுகிற பெண், வழியெல்லாம் கழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டே வந்தாள். டில்லர்ட் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பேச வேண்டும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயாயிரம் பேர் முன்னால் வியர்க்காமல் பாடுகிறவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தான்.

ரயில்பாதைக்குப் பக்கத்தில் வெள்ளையடித்த சின்ன வீடு. கதவைத் திறந்த லூரீன் ஒல்லியான பெண்மணி, கையெல்லாம் மாவு. ஜெல்மா தன் பெயரைச் சொன்னாள். லூரீன் வழிவிடவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெல்மா மகளைத் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினாள்.

"கைய எடும்மா" என்றாள்.

கார்லீன் கையை எடுத்தாள். கழுத்துக் குழியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளைத் தழும்பு.

"நீங்க கேட்டிருந்தீங்க. நான் எறங்கினது ஆஸ்பத்திரி வாசல்ல. இது அன்னிக்கு வெச்ச குழாய். உங்க வீட்டுக்காரர் கொண்டுபோய் விடலன்னா இவ இல்ல" என்றாள் ஜெல்மா.

லூரீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாவுக் கையோடு அந்தத் தழும்பைத் தொடப் போனவள், கையைப் பார்த்துவிட்டு ஏப்ரனில் துடைத்தாள். அப்புறம்தான் உள்ளே வாங்க என்று வழிவிட்டாள்.

ஹோபர்ட் பின்பக்கம் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்தார். கனத்த உடம்பு, மெதுவான நடை. ஜெல்மாவை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். டில்லர்டை யார் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் முதலில் கார்லீனிடம்தான் போனார்.

"மூச்சு நல்லா விட முடியுதாம்மா?"

"முடியுது சார்."

"மாடிப்படி ஏறினா?"

"அப்பவும் முடியுது."

"அது போதும்" என்றார்.

டில்லர்ட் காரில் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது. எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்றான். எழுதும்போது உண்மை தெரியாது, பாடும்போது தெரியும் என்றான்.

ஹோபர்ட் அவனை உட்காரச் சொன்னார். "மெட்டு நல்லா இருக்கு தம்பி. நானே சில சமயம் கிடங்குல வேலை செய்யறப்ப முணுமுணுக்கறேன்" என்றார்.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த லூரீன் ஜாடியை மேஜையில் வைத்தாள். "அதான் எனக்குத் தாங்கல. மத்தவங்க பாடினா ரேடியோவ அணைச்சுருவேன். இவரு முணுமுணுத்தா என்ன பண்றது? நான் இவர நம்பினேன். யார் கேட்டாலும் நம்பறேன்னுதான் சொன்னேன். ஆனா ஏழு மணி நேரம். பாத்திரம் கழுவறப்ப, துணி காயப்போடறப்ப, அந்த ஏழு மணி நேரம் வந்து நிக்கும்."

ஹோபர்ட் மனைவியைப் பார்த்தார். இதை அவரிடமே அவள் சொன்னதில்லை போலிருந்தது. பெரிய கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

என்ன செய்யவேண்டும், எதுவானாலும் செய்கிறேன் என்று டில்லர்ட் கேட்டான். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார் ஹோபர்ட். லூரீனுக்கு வேண்டியிருந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபைக்கு வந்து, எல்லார் முன்னாலும் இதைச் சொல்லவேண்டும் என்றாள். "பாட வேண்டாம். சொன்னா போதும்."

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். கார்லீனும் அவர்களுடைய பையனும் முதலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு ரயில்பாதை ஓரம் நடந்துபோய் வந்தார்கள்.

மறுநாள் சபையில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். போதகர் அழைத்ததும் டில்லர்ட் முன்னால் போய் நின்றான். கிட்டார் இல்லாமல் அவன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். மோசமாகத்தான் பேசினான். முன்னதைப் பின்னால் சொன்னான், நடுவில் நிறுத்தினான். ஆனால் எதையும் விடவில்லை. மூன்று நாள் குடித்ததைச் சொன்னான். கையில் பணம் இருந்தும் பஸ் ஏறாததைச் சொன்னான். பிரதர் ஹோபர்ட் யார்ப்ரோ தன் பிள்ளைக்காக ஏழு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்ததைச் சொன்னான். உண்மை தெரிந்த பிறகும் அந்தப் பாட்டைப் பாடினேன், கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்றான்.

பின்வரிசையிலிருந்து ஒரு வயதான பெண்மணி, "இப்பவும் குடிக்கறியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. பத்து வருஷமாச்சு."

"சரி. அப்ப உக்காரு."

ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர்களான மூப்பர்களில் ஒருவர் ஹோபர்டிடம் வந்து, அடுத்த வாரத்திலிருந்து பாடகர் குழுவில் நிற்கலாம் என்றார். ஹோபர்ட் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே யோசித்தார். "இத்தன வருஷமா லூரீன் பக்கத்துலயே உக்காந்து பழகிருச்சு. அங்கயே இருந்துக்கறேன்" என்றார். கம்பெனி பிறகு அவருக்குப் பழைய தடத்தையே தருவதாகச் சொன்னது. அதை ஏற்றுக்கொண்டார். லாரியின் நிறம் அதற்குள் மாறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு டில்லர்ட் மேடையில் அந்தப் பாட்டைப் பாடுவதற்கு முன் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். நன்றாக எடுபட்டது என்று சொல்ல ஆசைதான். எடுபடவில்லை. அழ வந்தவர்களுக்கு, அந்தப் பெண் வீட்டில் சோள ரொட்டி சுடுகிறாள் என்று கேட்பது பிடிக்கவில்லை. ப்ரிஸ்டலில் ஒருவன் எழுந்து, "கதைய விடு, பாட்டப் பாடுய்யா" என்றான். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் இரண்டு பேர், பேசாமல் பாடுவதானால் வா என்றார்கள். அவன் போகவில்லை. உண்மையை வைத்தே புதுப் பாட்டு ஒன்று எழுதிப் பார்த்தான். மூன்று மாதம் மெனக்கெட்டான். எனக்கு வாசித்துக் காட்டியபோது, எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் பாட்டாக இல்லை. நான் எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன். ஜெல்மா சமையலறையிலிருந்தே, "அது சர்ச்சுல சொன்னதோட முடிஞ்சுது. விட்டுரு" என்றாள்.

நாஷ்வில் பாடகர் மட்டும் பழைய பாட்டைப் பழையபடியே பாடிக்கொண்டிருந்தார். டில்லர்ட் அவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் ரேடியோவில் அதைப் போடும்போது, மனைவி விட்டுப்போன துயரத்தில் எழுதியது என்றுதான் அறிவிக்கிறார்கள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த ஒரு மதியம் அவனுக்கு அப்படித்தான் இருந்தது.

பெரிய ஊர்களில் கூப்பிடுவது குறைந்தது. 1963-க்குள் நாங்கள் திரும்பவும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் அறுவடை விழாக்களிலும் வாசிக்கிற ஆட்களாகிவிட்டோம். வார நாட்களில் டில்லர்ட் என்னோடு மரமில்லுக்கு வந்தான். அதைப்பற்றி அவன் புலம்பியதாக எனக்கு ஞாபகமில்லை. முன்னைவிட நன்றாகத் தூங்குவதாக ஒருநாள் சொன்னான்.

அந்த வருஷ அக்டோபரில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை மதிய நிகழ்ச்சி. திரை விலகியபோது இரண்டாம் வரிசையில் ஜெல்மா உட்கார்ந்திருந்தாள். நீல உடை, மடியில் கைப்பை. வரப்போவதாக வீட்டில் சொல்லவில்லை. டில்லர்ட் முதல் பாட்டின் முதல் வரியைத் தவறவிட்டான். பச்சை லாரி வந்தபோது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பாடினான். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கைதட்டினாள். அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் வந்தாள். டில்லர்டிடம் சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருப்பதாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, மூன்றாவது பாட்டில் என் பேஸ் அரைத் தாளம் பின்தங்கி வருகிறது என்றாள், வீட்டில் ஒத்திகை கேட்கும்போதே சொல்ல நினைத்தாளாம். அவள் சொன்னது சரிதான்.